பேரன் எடுத்த மகனுக்கு ஞானஸ்நானம்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஈஸ்டர் ஞாயிறு, காலை ஆறு மணி. கோவில்பட்டியிலிருந்து புதூர் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் புது வெள்ளை வேட்டியும் நாற்பத்திரண்டு அங்குலச் சட்டையும்.

"காலங்காத்தால புதுத்துணியோட கெளம்பிட்டிய, என்ன விசேஷம்?" என்றார் நடத்துநர்.

"மகனுக்கு ஞானஸ்நானம்."

"கைப்பிள்ளையா?"

"பேரன் எடுத்தவரு."

அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

நான் கோவில்பட்டியில் ஒரு பருத்திக் கடையில் கணக்கன். சுப்பையா அண்ணாச்சி எங்கள் கடைக்குப் பருத்தி கொண்டுவருபவர். கொஞ்சம் ஆடும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் தொலைந்துபோன ஆட்டைத் தேடித் தம் ஊர் மாதா கோயில் வாசலுக்குப் போயிருக்கிறார். உள்ளே சாமியார் தொலைந்துபோன ஆட்டைப் பற்றித்தான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அண்ணாச்சி அங்கேயே நின்றுவிட்டார்.

"தொண்ணூத்தொம்பத விட்டுட்டு ஒண்ணத் தேடிப் போனவரு, தம்பி. நம்ம பாடு தெரிஞ்சவரு" என்று என்னிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியது.

அதன்பின் ஞாயிறுதோறும் ஞானோபதேசப் பாடம். நோவாவின் பேழையில் ஆடுகளுக்குத் தின்னக் குழை எங்கே கிடைத்தது என்று கேட்டுச் சாமியாரையே ஒரு வாரம் யோசிக்க வைத்தாராம். உள்ளூரில் ஒருவரைக் கேட்டால் இன்னொருவருக்கு மனவருத்தம் வருமென்று என்னை ஞானத்தகப்பனாக இருக்கச் சொன்னார்.

எட்டயபுரம் தாண்டியதும் இரு பக்கமும் பருத்தி எடுத்து முடிந்த கரிசல், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எட்டு மணிக்கு அண்ணாச்சி ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்தேன். வெடிப்பில் சிக்கிச் செருப்பு வார் அறுந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மகனைப் பார்க்கப் போனேன்.

கோயில் வாசலை ஒரு மந்தை ஆடு அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் கம்புடன் அண்ணாச்சியின் மனைவி லெட்சுமி மதினி. எதிரே சாமியார் மொபெட்டைப் பிடித்தபடி நின்றார். அண்ணாச்சி தலை குனிந்திருந்தார்.

"இவிய சம்மதிக்காம நான் தண்ணி ஊத்த மாட்டேன்" என்றார் சாமியார் என்னிடம். "ஒரு வீட்டுல சண்டைய மூட்டிட்டுப் போக எனக்கு மனசில்ல."

மதினி அவர் பக்கம் திரும்பினார்.

"அந்த ஆட்டுக் கதைய எனக்கும் சொன்னாவ சாமி. ஒண்ணத் தேடி அவரு போயிட்டாரு. தொண்ணூத்தொம்பதயும் யாரு பாத்தா? என்னய மாரி ஒருத்திதான் வெயில்ல நின்னுருப்பா. ரெண்டு வருசமா ஞாயித்துக்கெழம நாந்தான நிக்கேன்!"

சாமியார் மொபெட்டை ஸ்டாண்டில் நிறுத்தினார். "நாயந்தாம்மா. அத ஒருத்தரும் எழுதி வைக்கல" என்றார்.

"இனிமே ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சா ஆடு எம்பாடு. நீ வீட்டுல இரு" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

மதினி கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்: "என்ன பேரு வைக்கப் போறிய?"

"பிரான்சிஸ் சவேரியார்." பல நாள் யோசித்துத் தேர்ந்த பெயர்.

"வாய் வலிச்சுப் போகும். சின்னதாச் சொல்லுங்க."

"சூசை?"

உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "இது போதும். ஊத்துங்க" என்று ஆடுகளை விலக்கினார்.

ஞானத்தகப்பன் மகனின் தோளில் கைவைக்க வேண்டும். மகன் என்னைவிட ஒரு முழம் உயரம். குதிகாலைத் தூக்கி எட்டிப் பிடித்தேன். தண்ணீர் அவர் நரைத்த தலையில் விழுந்து என் கைக்குள்ளும் ஓடியது. அவர் தோள் நடுங்கியதை உணர்ந்தபோது எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

பூசை முடிந்து வெளியே வந்தோம். உடைமரங்களுக்கு அப்பாலிருந்து ஊரே திரும்பிப் பார்க்க ஒரு குரல்:

"சூச! ஏ... சூச! அங்கன கெடா ஓடுது, திருப்புங்க!"

நான் மதினியிடம் ஓடினேன். "என்ன மதினி, அண்ணாச்சி பேரையா சொல்லுதிய?"

"கல்யாணம் ஆனதுல இருந்து பேரில்லாமக் கூப்பிட்டே தொண்ட வத்திப்போச்சு தம்பி. புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு எங்க ஆத்தா பழைய பேரத்தான் சொன்னா. இந்தப் பேரப் பத்தி ஒண்ணுஞ் சொல்லல."

சூசை அண்ணாச்சி புது வேட்டியை மடித்துக் கட்டி, முகமெல்லாம் பல்லாகக் கிடாயின் பின்னால் ஓடினார்.

மாலையில் கோவில்பட்டிக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் இருவரும் கைப்பிள்ளையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனாலும் அவள் என்னைக் கூப்பிடுவது "இந்தாங்க" என்றுதான். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுக் கேட்டாள்:

"உங்களுக்கும் இன்னொரு தடவ ஊத்துவாவளான்னு சாமியார்ட்ட கேட்டுப் பாருங்களேன்."