பால்தாயின் எழுத்துகள்

அசிமினாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மார்பில் பால் ஊறவில்லை, அவ்வளவுதான். மூன்றாவதாகப் பிறந்தவனுக்கு ஸ்தமாத்திஸ் என்று பெயர் வைத்தாள். சாவு இத்தோடு நிற்கட்டும் என்று பறிகொடுத்த வீடுகளில் வைக்கிற பெயர் அது. ஆனால் பெயரை மட்டும் நம்பி உட்கார முடியுமா? அவள் புருஷன் ட்ரோசோஸ் ஊற்றடிக்குப் போய், பால்தாயின் முழங்காலைச் சுரண்டி ஒரு சிட்டிகை பொடி கொண்டுவந்தான். ஆட்டுப்பாலில் கலந்து குடித்த மூன்றாம் நாள் அவளுக்குச் சட்டை நனைந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகை இருக்கிறதே, இரண்டு பிள்ளைகளைப் புதைத்தபோதுகூட அப்படி அழவில்லை.

பால்தாய் என்பது கணுக்கால்வரை மண்ணில் புதைந்து உட்கார்ந்திருக்கிற பளிங்குப் பெண். மடியில் குழந்தை, பக்கத்துப் பலகையில் எழுத்து. எங்கள் அர்காடிய மலையில் துருக்கியர்கள் வருவதற்கும் முந்தி ஹெல்லீனர்கள் என்கிற பழைய ராட்சத ஜாதி செய்துவைத்தது என்பார்கள். சைப்ரஸ் மர உயரத்துக்கு இருந்தார்களாம், தடுக்கி விழுந்தால் எழுந்திருக்க முடியாமல் செத்தே ஒழிந்தார்களாம். நம் முப்பாட்டன்மாரா என்று கேட்டால் எங்கள் ஆட்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

அந்த ஆனி மாதம் ஒரு பரங்கித் துரை வந்து சேர்ந்தான். கூடவே ஸஃபீரிஸ் என்கிற துபாஷி. துரை கல்லை நூல் பிடித்து அளந்தான், வெயிலில் மண்டியிட்டு எழுத்துகளைக் காகிதத்தில் வரைந்தான், நடுநடுவே தனக்குத்தானே சிரித்தான்.

பக்கத்து வீட்டு கொண்டிலோவுக்கு எல்லாம் தெரியும். "அடியே, சிரிக்கிறானே எதுக்குன்னு நினைக்கிறே? புதையல் எங்க இருக்குன்னு அந்த எழுத்துல இருக்கு. படிச்சு முடிச்சதும் கல்லையும் தூக்கிட்டுப் போயிருவான். அக்கரை ஊர்ல அப்படித்தான் செஞ்சாங்க."

"அய்யோ அக்கா, என் பிள்ளை இன்னும் தவழக்கூட இல்லையே!"

"என்கிட்ட அழுது என்ன பண்ண? எழுத்து இருக்கிற வரைக்கும் அவன் விடமாட்டான்."

அந்த ஒரு பேச்சையே அசிமினா ராத்திரி முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தாள். எழுத்து இருந்தால்தானே?

மறுநாள் உச்சிவேளை. அந்த நேரத்தில் ஊற்றடிக்கு ஒரு ஈ காக்கை போகாது. மோகினிகள் குளிக்க வரும் நேரம், கண்ணில் பட்டால் வாய் அடைத்துப்போகும். துரையும் துபாஷியும் தேவாலயத் தாழ்வாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, ட்ரோசோஸின் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அவள் போனாள். முதல் அடி விழுந்ததும் மலை முழுக்க அந்தச் சத்தம் திரும்பி வந்தது. யாரோ பின்னால் நின்று தானும் அடிப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கவே கூடாது. 'அம்மா, உன்மேல கை வைக்கல, எழுத்துமேலதான்' என்று முணுமுணுத்தபடியே அடித்தாள். விழுந்த பொடியை விரயமாக்க மனம் வராமல் முந்தானைத் துணியில் அள்ளிக் கட்டிக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் துரை கல்லுக்கு முன்னால் நின்று பிள்ளையைப் பறிகொடுத்தவன் மாதிரி கத்தினான். ஊரே கூடியது. அசிமினா கடைசியில் நின்றாள்.

ஸஃபீரிஸ் தலையில் அடித்துக்கொண்டான். "எந்தப் பாவி செஞ்ச வேலை இது? நாலே வரிதான் பாக்கி. எழுதிட்டு நாளைக்குக் கிளம்புறதா இருந்தார் மனுஷன். கல்லை எடுக்கிற எண்ணமே அவருக்குக் கிடையாது! இப்ப என்ன சொல்றார் தெரியுமா? இங்க விட்டா நீங்க சுண்ணாம்பா எரிச்சிருவீங்களாம். எடுத்துட்டுத்தான் போவாராம்."

அசிமினாவுக்கு வாய் அடைத்துப்போனது. மோகினிகளைப் பார்க்காமலேயே.

துருக்கி அதிகாரியின் அனுமதிச் சீட்டு நான்கு நாளில் வந்தது. பால்தாயை வண்டியில் ஏற்றி இழுத்துப்போனது ட்ரோசோஸின் எருதுகள்தான், மறுத்தால் சவுக்கடி. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். எழுத்தை உடைத்தவள் யாரென்று தெரிந்தால் கல்லாலேயே அடித்துக் கொன்றிருப்பார்கள். அவளும் ஓடினாள், எல்லோரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டு.

ஸ்தமாத்திஸுக்குப் பால் நிற்கவில்லை. பொடி இருந்ததே. திராட்சை அறுப்பு முடிந்த வாரம் கொண்டிலோவின் மகளுக்குப் பிரசவம். அவளுக்கும் பால் ஊறவில்லை. மூன்று நாளாகப் பிள்ளை வறண்ட தொண்டையில் கத்திற்று. சுவருக்கு இந்தப் பக்கம் அசிமினா காதைப் பொத்திக்கொண்டு படுத்தாள். நாலாம் நாள் சத்தம் குறைந்தது. அந்தக் குறைச்சல் அவளுக்குத் தெரிந்த குறைச்சல். இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். பொடியைப் போட்டுவைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

கொண்டிலோ பையைக் கையில் கவிழ்த்தாள். பொடியோடு ஒரு சில்லும் விழுந்தது. அதில் ஓர் எழுத்து முழுசாக இருந்தது.

கொண்டிலோ நிமிர்ந்து பார்த்தாள். "நீயா?"

"நான்தான் அக்கா. எழுத்து போனா அவனும் போயிருவான்னு நினைச்சேன்."

கொண்டிலோவின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "நான்தானேடி சொன்னேன்" என்றாள், சத்தமே வராமல். சில்லை அடுப்புச் சாம்பலுக்குள் ஆழமாகத் தள்ளினாள். பொடியைப் பாலில் கலக்கி மகளுக்குக் கொடுத்தாள்.

பிள்ளை பிழைத்தது. மறுநாள் இரண்டு பெண்களும் கதவைச் சாத்திவிட்டு, பையில் மிச்சமிருந்ததைச் சிட்டிகை சிட்டிகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். இன்னும் நாலு பேருக்குத்தான் காணும். ஊரில் அப்போது ஏழு பேர் முழுகாமல் இருந்தார்கள்.