அளக்காமல் விட்ட அறை

அந்தப் படிகக்கல் இப்போதும் என் மேசைமேல்தான் இருக்கிறது. கட்டைவிரல் நீளம், ஆறு பட்டை, கண்ணாடித் தெளிவு. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் மிளகளவு ஒரு காற்றுக்குமிழ். கல்லைச் சாய்த்தால் குமிழ் மெல்ல ஊர்ந்து மறுபக்கம் போகும். வீட்டுக்கு வருகிறவர்கள் கையிலெடுத்து, "அட, உயிர் இருக்கிற மாதிரில்ல இருக்கு!" என்பார்கள். நான் வாங்கி வைத்துவிட்டுப் பேச்சை மாற்றுவேன். அந்தக் கல்லை யாரும் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

இதைக் கொடுத்தவர் சர்வேயர் அண்ணன். உறவு ஒன்றுமில்லை, அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். அறுபதுகளின் நடுவில், ரங்கூனில் ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்த ஒரு சுரங்க அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். இன்சீனிலிருந்து தினமும் ரயிலில் வருவேன். மிஷன் பள்ளியில் படித்த திமிர் கொஞ்சம் உண்டு. வாய் அதைவிட நீளம். என் எதிர் மேசையில் உட்கார்ந்து பழைய சுரங்க வரைபடங்களைப் பராமரிப்பது அவர் வேலை. மனிதர் அதிர்ந்து பேச மாட்டார். மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு இந்தக் கல்லை உருட்டிப் பார்ப்பார். "தங்கச்சி, இந்தத் தண்ணி உள்ள போனப்ப பூமியில மனுசனே கிடையாது" என்பார். "அப்ப குடிக்க ஆளில்லாமப் போச்சேண்ணே" என்று நான் கிண்டலடிப்பேன்.

கல் வந்த இடம் வடக்கே மலைக்குள் இருந்த ஒரு சின்னச் சுரங்கம். பெக்மடைட் என்று அந்தப் பாறைக்குப் பெயர். டைப் அடித்து அடித்து எனக்கே அதன் கதை மனப்பாடம். பூமிக்கு அடியில் பாறைக் குழம்பு ஆறி இறுகும்போது, கடைசியில் மிஞ்சுகிற குழம்பில் தண்ணீரும் ஆவியும் நிறைந்திருக்குமாம். அது கருங்கல் வெடிப்புகளில் புகுந்து ஆறும்போது மணிமணியாக இல்லாமல் பெரிய பெரிய படிகங்களாக வளரும். ஏடு ஏடாக உரியும் காக்காப்பொன் என்கிற மைக்கா, புஷ்பராகம், படிகக்கல் எல்லாம் அப்படி வந்தவைதான். நடுநடுவே இடம் நிரம்பாமல் பொந்துகள் நின்றுபோகும். ஒரு பை அளவுக்கும் இருக்கும், ஒரு வீடு அளவுக்கும் இருக்கும்.

வெள்ளைக்காரன் காலத்தில் திறந்த சுரங்கம் அது. ஜப்பான்காரன் வந்தபோது போட்டது போட்டபடி ஓடினார்கள். நாடு சுதந்திரமடைந்த பின் மறுபடி திறந்தபோது அளந்து வரைபடம் போட அனுப்பப்பட்டவர் சர்வேயர் அண்ணன். சுரங்கத்து மேஸ்திரி பர்மாக்காரர், வயதானவர். கடைசிக் குடைவின் முடிவில் ஒரு பொந்து, வீட்டுக்கூடம் போல விரிந்த அறை, முழங்கால் அளவு தண்ணீர். வாசலில் தேங்காயும் வாழைப்பழமும் படைத்திருந்தார்கள். அது மலையைக் காக்கும் நாட் என்கிற ஆவி குடியிருக்கும் அறை. உள்ளே அளவுச் சங்கிலி இழுக்கக் கூடாது, படத்தில் எழுதக் கூடாது, எழுதினால் அந்த ஆவிக்கு ஒளிய இடமில்லாமல் போய்விடும் என்று மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டாராம். இவரும் இளகிய மனசுக்காரர், சரியென்றுவிட்டார். குடைவு வாசலோடு முடிந்ததாகக் கோடு போட்டார். அதற்கு நன்றியாக மேஸ்திரி அந்த வாசலிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான் இந்தக் கல். பிறகு அந்தப் பக்கம் சண்டை மூண்டது, சுரங்கம் மூடப்பட்டது, உள்ளே ஊற்றுத் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஒரு மழைக்காலத்தில். அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டிருந்த சமயம். காக்காப்பொன் வேண்டுமென்று அந்தச் சுரங்கத்தையும் திறந்து, மலையின் கீழ்ப்பக்கமிருந்து புதிதாக ஒரு குடைவு வெட்டிக்கொண்டு போனார்கள். பழைய மேஸ்திரிதான் முன்னால் நின்றார். இவருடைய வரைபடம் மறுபடி மேசைக்கு வந்தது. மாவுப்பசை பூசிய மெல்லிய துணியில் வரைந்த படம், தண்ணீர் பட்டால் பாழ். ஒரு நாள் காலை அதை விரித்தபோது, கோடு முடிந்த இடத்துக்கு அப்பால் வெறுமையாக இருந்த இடத்தில் காசளவு ஈரம். கூரையைப் பார்த்தோம், ஒழுக்கு இல்லை. விசிறிக்கு அடியில் காய வைத்தார். மறுநாள் உள்ளங்கை அளவு. நான் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த ஓரத்தில் வெள்ளைத் தூள். பசைமாவு என்று நினைத்து விரலை வெளிச்சத்தில் காட்டினேன். காக்காப்பொன் மினுமினுத்தது.

அன்றுதான் அவர் வாய் திறந்தார். படத்தில் இல்லாத அறையில் தண்ணீர் கூரைவரை நிற்கும். புதுக் குடைவு கீழிருந்து அதை நோக்கித்தான் போகிறது. உடைத்தால் முன்னால் நிற்பவர்கள் கதி அதோகதி. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கைப்பட எழுதி என்னிடம் நீட்டினார். "இன்னிக்கே டைப் அடிச்சு சயாஜிகிட்ட வச்சிரு தங்கச்சி." சயாஜி என்பது எங்கள் பெரிய அதிகாரி.

அது செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை அவருக்குக் கப்பல். எங்கள் ஆட்கள் கூட்டம் கூட்டமாக மெட்ராஸுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். வீட்டுச் சாமானெல்லாம் போய்விட்டது. மனைவியும் இரண்டு பெண்களும் வெறும் தரையில் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். பொய்ப் படம் போட்டேன் என்று ஒப்புக்கொண்டால் விசாரணை, விசாரணை என்றால் நாட்டைவிட்டுப் போகும் அனுமதிச்சீட்டு நிற்கும். "கப்பல் ஏறிட்டு எழுதுங்கண்ணே" என்று கெஞ்சினேன். "அங்க கல்லு வெட்டுறவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்மா" என்றார். "உடைக்க இன்னும் எத்தனை நாளாகும்?" என்று கேட்டேன். "பத்து நாளாவது ஆகும்" என்றார்.

அந்தப் பத்து நாளைப் பிடித்துக்கொண்டேன் நான். கடிதத்தை டைப் அடிக்கவில்லை, கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அவரிடம் போய், "சயாஜி படிச்சிட்டாருண்ணே. வேலைய நிறுத்தச் சொல்லிட்டாரு. அது பழைய கதைன்னு விட்டுட்டு, உங்களப் போகச் சொன்னாரு" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். சனிக்கிழமை கப்பல் நகர்ந்த கையோடு கடிதத்தைக் கொடுத்துவிடலாம், இன்னும் ஒரு வாரம் மிச்சமிருக்குமே என்று கணக்குப் போட்டேன். அளக்காத அறை எதுவரை நீண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவருக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது. அவர் சொன்ன பத்து நாள் வெறும் ஊகம். அது என் புத்திக்கு எட்டவில்லையே!

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏதோ உந்த, வரைபடத்தை விரித்தேன். துணி முழுக்கச் சொதசொதவென்று நனைந்திருந்தது. கோடுகள் கரைந்து ஓடின. வெளியே மழைகூட இல்லை. அப்போதாவது கடிதத்தோடு சயாஜியிடம் ஓடியிருக்கலாம். சுருட்டி அலமாரிக்குள் திணித்துவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் துறைமுகத்தில் அவர் இந்தக் கல்லை என் கையில் வைத்து மூடினார். "நீ இல்லேன்னா நான் நிம்மதியாப் போயிருக்க மாட்டேன் தங்கச்சி." கப்பல் வளைவைத் தாண்டும்வரை கை காட்டினேன். அலுவலகத்துக்குத் திரும்பியபோது வாசலிலேயே செய்தி நின்றது. முந்தின நாள் காலை குடைவில் தண்ணீர் உடைத்துக்கொண்டது. மூன்று பேர் செத்தார்கள். முன்னால் நின்ற மேஸ்திரியும் அதில் ஒருவர். பழைய குடைவு எங்கே முடிகிறதென்று தெரியாததால் நடந்த விபத்து என்று எழுதி முடித்தார்கள். அந்த அறிக்கையை டைப் அடித்ததும் நான்தான். ஒரு எழுத்துத் தப்பவில்லை.

அவர் மெட்ராஸிலிருந்து வருடா வருடம் கடிதம் போட்டார். மேஸ்திரி நலமா என்று கேட்பார். நலம் என்று எழுதுவேன். இன்று அந்த அலுவலகம் இல்லை, இன்சீன் ரயிலில் தமிழ்க் குரல் கேட்பதும் அபூர்வம். போன மாதம் அவருடைய மூத்த பெண் எழுதியிருந்தாள். அப்பா காலமாகிவிட்டார், கடைசிவரைக்கும் "ரங்கூன் தங்கச்சி அந்த ஆளுங்களக் காப்பாத்துனா" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், அந்தக் கதையை முழுதாக எழுதி அனுப்புங்கள் அத்தை என்று கேட்டிருந்தாள். நான்கு வாரமாகப் பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

இன்று காலை கல்லை எடுத்தபோது அடியில் மேசைவிரிப்பு நனைந்திருந்தது. காசளவு ஈரம். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரிசல் இல்லை, சொட்டு குறையவில்லை, குமிழ் மெல்ல ஊர்ந்தது. ஈரத்தின் ஓரத்தைத் தொட்டேன். விரலில் என்ன இருந்தது என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்க்கவில்லை.

பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த அவருடைய கடிதத்தை, டைப் அடிக்கப்படாத அதே கடிதத்தை, எடுத்தேன். பின்பக்கத்தில் நான் செய்ததை நாலு வரியில் எழுதினேன். உறையில் போட்டு அவளுடைய விலாசத்தை எழுதி ஒட்டிவிட்டேன். தபால் ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும்.