மெர்சி அக்காவின் புதுக் கத்தி

மெர்சி அக்கா போய்விட்டார்.

நேற்று காலை, அபிராமபுரம் வீட்டில். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்... அவ்வளவுதான். ஹார்ட் அட்டாக்.

மகள் ஷீபா ஃபோன் செய்து, "அம்மா போய்ட்டாங்க அங்கிள்" என்றாள். "யாரோட அம்மா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெருங்குடியில் நான் வேலை பார்த்த ஐடி ஆபீஸில் அக்கா அட்மின் மேனேஜர். நான் சேர்ந்த முதல் வாரம், ஆபீஸுக்கு வந்த பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு மடக்குக் கத்தி. எலும்புக் கைப்பிடி, இரண்டு பிளேடு, பழைய மாடல்.

அங்கேயே நின்றுவிட்டேன். அசோக் நகர் வீட்டு அலமாரியில் என்னிடம் அந்த மாதிரி ஒன்பது கத்திகள் இருந்தன. என் மனைவியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள் இல்லையா...

"மேடம், கேட்ல செக்யூரிட்டி இத உள்ள விட்டாங்களா?"

"செக்யூரிட்டிக்கு ஷிஃப்ட் போடுறதே நான்தான் நைனா."

கத்தியை என் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து மடக்கினார். டக். "கேட்டியா? ஸ்பிரிங் நல்லா கீதுன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து மேடம் அக்கா ஆனார்.

இரண்டு பேரில் ஆரம்பித்த எங்கள் வாட்ஸ்அப் குரூப் மெல்ல மெல்லப் பன்னிரண்டு பேர் ஆனது. மயிலாப்பூரில் ஒரு பல் டாக்டர், தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், இப்படி. எல்லோருக்கும் ஒரே பைத்தியம். வெளிநாட்டில் ஒரு பழைய கத்திக் கம்பெனி வருஷத்துக்கு ஒரே ஒரு புது மாடல் வெளியிடும். அதற்கு முன் ஒரு மாதம், கொஞ்சம் கொஞ்சமாக போட்டோ விடுவார்கள். ஒரு நிழல், ஒரு ஓரம், கைப்பிடியில் ஒரு துளி நிறம். அதை வைத்து நாங்கள் அடித்துக்கொள்வோம்.

அக்கா மட்டும் தீர்ப்பே சொல்லிவிடுவார். "இந்த வருஷம் மான்கொம்புக் கைப்பிடி. எழுதி வெச்சுக்கோ." எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவைதான் சரியாகச் சொன்னார். மற்ற வருஷங்களில் தப்பு. அடுத்த வருஷமும் அதே குரலில் "எழுதி வெச்சுக்கோ"தான்.

போன வருஷக் கத்தியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

எட்டு மாதம் காத்திருந்து வந்த கத்தி. மயிலாப்பூர் கூரியர் ஆபீஸுக்கு நானும் கூடப் போனேன். வாசலிலேயே அக்கா பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். எங்கள் ஆட்கள் இப்படிப்பட்ட கத்தியால் எதையும் வெட்ட மாட்டார்கள். துடைப்போம், பார்ப்போம், திரும்ப உள்ளே வைப்போம்.

அப்போதுதான் எதிரில் ஒரு அலறல்.

ஒரு பைக் சாய்ந்து நின்றிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றி, கழுத்தை இறுக்கியிருந்தது. புருஷன் துணியை இழுக்கிறான். இழுக்க இழுக்க இன்னும் இறுகுகிறது. சுற்றிலும் ஆட்கள் கத்துகிறார்களே தவிர...

அக்கா ஓடினார். அறுபத்தொரு வயது. "இழுக்காதப்பா, கைய எடு!" என்று அவனைத் தள்ளிவிட்டு, தன் இரண்டு விரலைக் கழுத்துக்கும் துணிக்கும் நடுவே நுழைத்தார். புதுக் கத்தியின் பிளேடை வெளிப்பக்கமாக வைத்து ஒரே இழுப்பு. துணி விட்டது. அந்தப் பெண் இருமிக்கொண்டே அவர் மேல் சாய்ந்துவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, "நல்லவேளை, கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை." அதற்கு அடுத்துதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

அக்கா அதோடு விடவில்லை. மிச்சத் துணி செயினுக்குள் சிக்கி, பைக் நகரவில்லை. நடுரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதே கத்தியால் அறுக்க ஆரம்பித்தார். கைப்பிடியெல்லாம் கிரீஸ்.

"அக்கா, இதுக்கு வேற ஏதாவது கத்தி கேட்டு வாங்கினு வரேன்..."

"நீ எப்ப போய் எப்ப வர்றது? பொண்ணு வெயில்ல நின்னுகினு கீது பாரு. போய் தண்ணி வாங்கினு வா."

தண்ணீரோடு திரும்பி வந்தபோது பைக் தயார். கத்தியின் நுனி ஸ்போக்கில் பட்டு உடைந்திருந்தது. அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "வீட்டுக்குப் போனதும் சூடா எதனா குடிமா" என்று அனுப்பி வைத்தார்.

குரூப்பில் நான் போட்டோ போட்டேன். "ஐயோ, புதுக் கத்தி போச்சே" என்று ஆளாளுக்கு ஒப்பாரி. அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது.

"யாரும் அழ வேணாம். சூப்பரா வெட்டுது. நம்பி வாங்குங்க."

இந்த வருஷ மாடல் இன்று மாலை ஆறு மணிக்கு விற்பனைக்கு வருகிறது. நாங்கள் பதினோரு பேரும் நாலு மணிக்கே அக்காவின் அடக்கத்துக்காகக் கல்லறைத் தோட்டத்தில் இருப்போம்.

காலையில் அபிராமபுரம் வீட்டில் ஷீபா அக்காவின் ஃபோனை என்னிடம் காட்டினாள். "ஆறு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அம்மா அலாரம் வெச்சிருக்காங்க அங்கிள்."

"ஆஃப் பண்ணிடவாம்மா?"

"வேணாம். அடிக்கட்டும்."

போய் வாங்க அக்கா.