சுவரொட்டியில் இருப்பது கனகவல்லி அல்ல

அன்று காலை என் மகன் பாஸ்கரனின் அச்சுக்கடையில் நான்கு பேர் இருந்தோம். நான், பாஸ்கரன், கனகவல்லியின் மகன் செல்வம், அவள் புருஷன் ராமலிங்கம். மகனுக்கு இட்லி கொண்டுபோயிருந்தேன். செல்வம் ஒரு போட்டோவை மேசையில் வைத்து, "அம்மா வெடியக்காலம் பூட்டாங்க பெரிம்மா. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும்" என்றான். அவள் செத்த சேதி எனக்கு இப்படித்தான் வந்தது.

பீங்கான் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவளைத் தெரியும். பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். டீ நேரத்தில் வடை மடித்துவந்த தாளை நாங்களெல்லாம் கசக்கிப்போடுவோம். அவள் பிரித்து வைப்பாள். ஒரு நாள் அதில் பிரிட்ஜ் விளம்பரம், பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். "அவன் நம்மளப் பாக்குறான். அவ அவனப் பாக்குறா. வூட்டுக்கு எசமான் யாருன்னு எழுதவே வேணாம் பாத்தியாக்கா" என்றாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எனக்கென்ன தெரியும் என்றேன். "எழுத்து கெடக்குது. கண்ணப் பாருக்கா, பொய் அங்கதான் இருக்கும்" என்றாள்.

முதலாளி ஒரு தடவை பொம்மை விற்க நோட்டீஸ் போட்டார். அந்தப் படத்தில் எங்கிருந்தோ வந்த வெள்ளைத்தோல் பெண் ஒருத்தி பிரஷ் பிடித்துச் சிரித்தாள். "வெளக்குமாறு புடிக்கிறாப்பல புடிச்சிருக்கா" என்று கனகா நேரே ஆபீசுக்குப் போய்விட்டாள். "கறுத்த மூஞ்சியப் பாத்து எவன்மா வாங்குவான்?" என்றார் அவர். "கறுத்த கை எழுதின கண்ணத்தானேங்க பாத்து வாங்குறான்?" என்றாள். ஒரு வாரம் வேலை கொடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை அவள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அன்று அச்சுக்கடையில் என் கண்ணெதிரே விளம்பரம் செய்தார்கள். பாஸ்கரன் கம்ப்யூட்டரில் அவள் முகத்தை வெளுத்தான். கழுத்துக்குக் கீழே யாருடைய பட்டுப்புடவையையோ ஒட்டினான். 'ராமலிங்கம் அவர்களின் மனைவி' பெரிதாக, கனகவல்லி சிறிதாக. கண் எழுதியவள் என்று ஒரு சொல் இல்லை. வருந்துவோர் வரிசையில் பதினோரு ஆண்கள்; பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த எங்களில் ஒருத்தி பேர் இல்லை.

போட்டோவில் அவள் நேராகப் பார்த்திருந்தாள். "மொறைக்கிறாப்பல இருக்குதுப்பா" என்றார் ராமலிங்கம். பாஸ்கரன் மௌசை நகர்த்தி அந்தக் கண்களைத் தாழ்த்தினான்.

"டேய், அது அவ பார்வைடா. கை வைக்காத."

"யம்மா, பொம்பளைங்க போட்டோன்னா ஒரு லட்சணம் வேணும். நீ வூட்டுக்குப் போ."

இப்போது பெண்ணாடம் ரோட்டுச் சுவரெல்லாம் யாரோ ஒருத்தி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளைக் கும்பிட்டுப் போனவர்களுக்குச் சொல்கிறேன், அது கனகா இல்லை. அவள் நேராகப் பார்க்கும் அந்தப் போட்டோவை மேசையிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். செல்வம் இரண்டு முறை கேட்டான். தரமாட்டேன்.

ராமலிங்கத்தை விட்டுவிடுகிறேன், அவர் அவள் முகத்தை என்றைக்குப் பார்த்தார்? செல்வம் தாயைப் பறிகொடுத்து நின்றவன், அவனையும் விடுகிறேன். ஆனால் நான் சூளையில் நின்ற நாளெல்லாம் சின்னப் பிள்ளையான தன்னை மடியில் வைத்து, கை பிடித்துப் படம் வரையப் பழக்கியவள் அவள் என்று தெரிந்தே அந்த வேலையைச் செய்தானே, என் வயிற்றில் பிறந்த பாஸ்கரன், அவனை நான் மன்னிக்க மாட்டேன்.