அக்கா டாக்டரிடம் கேட்டது

அக்காவுக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது வயிறு முழுக்கப் பரவியிருந்தது. அவளும் மச்சானும் கெலமங்கலத்தில் காய்கறிக் கடை வைத்திருந்தார்கள். தளிப் பக்கத்து விவசாயிகளிடம் கன்னடத்தில் பேசிச் சிரித்து, கோஸும் பீன்ஸும் வாங்கிப் போடுவது அக்காதான். வயிறு உப்பியதை வாயு என்று நினைத்து, சோடா குடித்துக்கொண்டே மூட்டை தூக்கியிருக்கிறாள்.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறேன். கீமோ நாட்களில் ஷிப்டு மாற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் அவர்களோடு சேர்ந்து பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போவேன். திரும்பி வரும்போது அக்கா மடியில் பிளாஸ்டிக் கவரை வைத்துக்கொண்டு கண்ணை மூடியே உட்கார்ந்திருப்பாள்.

பாதி கீமோ முடிந்த சமயத்தில் மச்சான் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். ஏதோ ஒரு நாட்டில் புற்றுநோய்க்கு ஊசி கண்டுபிடித்துவிட்டார்களாம். ஒரே ஊசியில் கட்டி கரைந்துவிடுமாம். நான் வீட்டுக்குப் போனபோது, அந்த ஊசி வரும்வரை கீமோவை நிறுத்தி வைக்கலாம் என்றார். அவள் படும் பாட்டை அவரால் பார்க்க முடியவில்லை. அந்தச் செய்தியை நான் தேடிப் படித்திருந்தேன். எலிகளுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன்.

"எலிக்குக் கேட்ட மருந்து மனுஷனுக்குக் கேக்காதா மாப்ளே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, கெஞ்சுவது போலத்தான் கேட்டார்.

நான் விடாமல் விளக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அக்கா, டாக்டரம்மாவைத் தானே கேட்டுக்கொள்வதாகச் சொல்லி எங்கள் பேச்சை நிறுத்தினாள்.

அடுத்த முறை போனபோது கேட்டாள். கன்னடத்தில்தான் கேட்டாள். கடை வியாபாரத்தில் மச்சானுக்கும், கம்பெனியில் எனக்கும் அந்த மொழி பழகியிருந்ததால் எல்லாமே புரிந்தது. அந்த டாக்டர் அவசரப்படாமல் பதில் சொன்னார். அந்தச் செய்தி முழுப் பொய் இல்லை, அப்படி ஆராய்ச்சி நடப்பது நிஜம். ஆனால் எலிக்குப் பலித்ததில் பாதிக்கு மேல் மனிதர்களுக்குப் பலிப்பதில்லை, பலித்தாலும் கைக்கு வர வருஷக்கணக்காகும், கீமோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

பேச்சு முடிந்தது என்று நான் எழுந்தேன். அக்கா எழவில்லை.

"எனக்கு வேண்டாம் மேடம். எங்க அம்மாவும் இப்படி வயிறு வீங்கித்தான் போனாங்க. நாளைக்கு என் பொண்ணுக்கு வந்தா, அதுக்குள்ள அந்த மருந்து வந்திருக்குமா?"

நானும் மச்சானும் அத்தனை நாள் மல்லுக்கட்டியபோது, மகளைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த மருந்து வரவேண்டும் என்றுதான் தானும் ஆசைப்படுவதாக டாக்டர் சொன்னார், ஆனால் வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். சில குடும்பங்களில் இந்த நோய் வழிவழியாக வருவதுண்டு, முதலில் அக்காவின் ரத்தத்தைச் சோதிக்கலாம், அதில் அந்த மரபணுக் கோளாறு இருந்தால் மகளுக்கும் பார்த்துவிடலாம் என்றார். அக்கா அங்கேயே சேலை முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினாள்.

வரும் வழியில் அத்திப்பள்ளியில் பஸ் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. அக்கா கண்ணைத் திறந்து, "அந்த ஊசி பொய்யில்லையாம்டா," என்றாள்.

அவள் ரத்தத்தில் அந்தக் கோளாறு இருந்தது. மகள் கிருஷ்ணகிரியில் காலேஜ் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா முதலில் எழுந்து நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சோதனையைத் தள்ளிப்போட்டாள். கீமோ முடிந்து அக்கா கொஞ்ச காலம் நன்றாகவே இருந்தாள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்து தக்காளி நிறுத்தாள். பிறகு மறுபடியும் வயிற்றில் நீர் கோத்தது. மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், சோதனைக்கு ரத்தம் கொடுத்தாயா என்று அக்கா கேட்பாள். கடைசியில் பேச்சுக் குழறியபோதும் அவள் கையைப் பிடித்து அதைத்தான் கேட்டாள். "குடுக்கறேம்மா," என்று அந்தப் பெண் அழுதாள். சந்தைக்கு மாங்காய் வரத் தொடங்கிய நேரம் அக்கா போய்விட்டாள்.

காரியம் முடிந்து சில மாதங்கள் கழித்து மகளே எனக்கு போன் செய்தாள். நாங்கள் மூன்று பேரும் மறுபடி பெங்களூர் போனோம். மச்சான் முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். மகள் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள்.

முடிவைக் கேட்கப் போன அன்று, அம்மாவிடம் இருந்த கோளாறு மகளுக்கு வரவில்லை என்று டாக்டர் சொன்னார். அதற்காக எந்த நோயும் வராது என்று அர்த்தமில்லை, மற்ற எல்லோரையும் போல இவளும் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மச்சான் அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். டாக்டரும் சலிக்காமல் இன்னொரு தடவை சொன்னார்.

வெளியே வந்ததும் மச்சான் சுவரில் சாய்ந்து நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மகள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பவே குடுத்திருந்தா, அம்மா இதைக் கேட்டுட்டுப் போயிருப்பாங்க இல்ல மாமா?"

அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன். மச்சானை நடுவில் விட்டு, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துப் படியிறக்கினோம்.