கேப்டன் இல்லாத படகு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மதுரை கே.கே. நகரில் இருக்கும் என் சின்ன டிராவல்ஸ் ஆபீஸைப் பூட்டப் போகும்போது கிரீஸ் நாட்டிலிருந்து போன் வந்தது.

பேசியவர் கப்பலூரில் ரப்பர் சாமான் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மனைவியையும் இரண்டு மகள்களையும் பாய்மரப் படகில் ஒரு வாரம் தீவு தீவாகக் கூட்டிப்போக வேண்டும் என்று முன்பே என்னிடம் வந்திருந்தார். காசிக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பிப் பழகியவள் நான். இது எனக்குப் புதுசு. ஆனாலும் தெரியாது என்று சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இணையத்தில் தேடி நானே புக் செய்து கொடுத்துவிட்டேன்.

"ஏம்மா, படகு ஜம்முனு நிக்குது. ஓட்டுற ஆளத்தான் காணோம். கேட்டா, நீதான கேப்டன்னு என்னையக் கைகாட்டுறாங்க!"

அவசரமாகக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். 'பேர்போட்' என்று இருந்தது. அதிக வசதியில்லாத சாதாரணப் படகு என்று நான் நினைத்திருந்தேன். கீழே படித்துப் பார்த்தால், படகை மட்டும்தான் தருவார்களாம். ஓட்டத் தெரிந்தவர்கள் தாங்களே ஓட்டிக்கொள்ள வேண்டுமாம். நம் ஊரில் வேன் பிடித்தால் டிரைவரும் சேர்ந்துதானே வருவார்? அந்த நினைப்பில், கேப்டன் பெயர் கேட்ட இடத்தில் குடும்பத் தலைவர் என்று அவர் பெயரை எழுதியிருக்கிறேன். லைசென்ஸ் கேட்டதற்கு அவருடைய கார் லைசென்ஸை அனுப்பியிருக்கிறேன். அதை யாரும் அதுவரை சரியாகப் பார்க்கவும் இல்லை.

'அந்தப் படகுக் கம்பெனிக்காரங்க ஏமாத்திட்டாங்க அண்ணே' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அதற்குள், "அப்ப நாம திரும்பிப் போகணுமாங்க?" என்று அவர் மனைவி கேட்பது போனில் கேட்டது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு பொய் சொல்ல மனசு வரவில்லை.

"தப்பு என்மேலதான் அண்ணே. புரியாமலே போட்டுட்டேன்" என்றேன்.

அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொல்வது கேட்டது. பிறகு, "சரி, ஆனது ஆச்சு. இனி என்ன செய்யலாம்னு பாரும்மா" என்றார்.

கம்பெனிக்குப் போன் செய்தால், வாடகைக்கு வரும் கேப்டன்கள் எல்லாரும் ஏற்கெனவே கடலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். துறைமுகத்தில் படகை ஒப்படைக்க நின்ற அந்தக் கம்பெனிப் பெண்தான் முயற்சியை விடவில்லை. தனக்குத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று மதியம்தான் வேறொரு படகிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போயிருந்த ஒரு பெண் கேப்டன், பிள்ளைகளோடு ஒரு ராத்திரி இருந்துவிட்டுக் காலையில் வருவதாக ஒப்புக்கொண்டார். அதுவரை, கரையில் கட்டியிருந்த படகிலேயே இவர்கள் படுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ராத்திரி வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது ஒரு போட்டோ வந்தது. நீலக் கடல், வெள்ளைப் பாய். சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர் மனைவி! அந்த அம்மா முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தோசை கருகியதே தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் இருவரும் ஆபீஸுக்கு வந்தார்கள். சரியான திட்டு இருக்கிறது என்று எழுந்து நின்றேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் அந்தக் கம்பெனிக்காரங்க மேல பழியப் போட்டிருந்தீங்கன்னா, இவரு அங்கனயே சண்டைக்குப் போயிருப்பாரு. இவரு கோவம் உங்களுக்குத் தெரியாது. அப்புறம் அந்தப் பொண்ணு எங்களுக்காக அம்புட்டுப் பேருக்குப் போன் போட்டிருக்குமா?"

அவர் கணவர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். நான் அப்படி யோசித்துப் பார்த்ததே இல்லை. என் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்து பயந்து நான் சொன்ன ஒரு வார்த்தை, எங்கேயோ இருந்த துறைமுகத்தில் ஒரு சண்டை மூளாமல் தடுத்து, முன்பின் தெரியாத ஒரு பெண் உதவிக்கு வர இடம் விட்டிருக்கிறது என்று நினைத்தால், இன்றைக்கும் மனசு நிறைந்துவிடுகிறது.