வண்டு விழுந்த அரிசி

ரத்தினம்மாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் அவளுக்கு அதிகம் குற்றம் செய்தவன் நான்தான். அதனால் நானே எழுதுகிறேன்.

கண்டி திருகோணமலை வீதியில் எனக்கு அரிசிக்கடை. அப்போது எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்கு மூப்பராகவும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசை வாங்கில் உட்காருவேன். கோட்டில் ஒரு கறை இருக்காது.

ரத்தினம்மாவின் புருஷன் தனபாலன் குண்டசாலைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் எழுத்து வேலை பார்த்தவன். முப்பத்தோராம் ஆண்டு தேயிலை விலை விழுந்ததும் ஆட்குறைப்பில் அவனை நிறுத்திவிட்டார்கள். கட்டுக்கலையில் ஒற்றை அறை எடுத்தார்கள். பேனா பிடித்தவன் ரயில் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினான். அவள் வீடுகளுக்கு நெல் குத்திக் கொடுத்தாள். கூலியாகக் கொஞ்சம் நொய்யும், வேண்டிய மட்டும் உமியும் கிடைக்கும். முப்பத்து நான்கின் கடைசியில் மலேரியாக் காய்ச்சல் ஊரெங்கும் பரவியபோது, கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் தனபாலன் போய்விட்டான். அடக்கத்தன்று அவள், "ஆண்டவரு எங்கள அப்பிடியே விட்டுட மாட்டாரு" என்று சொன்னாள். நான் மனசுக்குள் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து, காணிக்கைக்கென்று வைத்த சிறு மண்பானையில், அந்த முட்டியில், போடுவார்கள். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முட்டிகளைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். எல்லோர் முன்னும் அவற்றை வெள்ளைத் துணியில் கவிழ்த்துக் கொட்டுவது என் வேலை. "முட்டி நிறையாத வீட்டுல விசுவாசம் நிறையல" என்று ஒரு முறை பெரிதாகப் பேசியும் வைத்திருந்தேன்.

நான் முட்டி கொண்டுபோவதில்லை. கடைக்காரன் அல்லவா, ஏழைகளுக்கென்று ஒரு சிறு மூட்டையே அனுப்புவேன். சபை மெச்சும். அது மூட்டைகளின் அடியில் தங்கி, வண்டு விழுந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்த ரங்கூன் அரிசி. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்த மூட்டை எந்த ஏழைகளுக்குப் போகவேண்டும் என்று பெயர் எழுதுகிறவனும் நானே. முட்டி கொண்டுவருகிற வீட்டில் பட்டினி இருக்காது என்று ரத்தினம்மாவின் பெயரை நான் எழுதவில்லை.

முப்பத்தைந்து ஜனவரிக் கடைசியில் அவள் முட்டியைக் கவிழ்த்தேன். மேலே இரண்டு பிடி அரிசி. அதன் பின்னால் உமி பொலபொலவென்று கொட்டியது.

நான் விட்டிருக்கலாம். விடவில்லை.

"கர்த்தரையே ஏமாத்தலாம்னு பாத்தியா, ரத்தினம்மா?"

அவள் தலை நிமிரவில்லை. "புள்ளைக்குக் காய்ச்சல், மூப்பரையா. முட்டியில இருந்தத எடுத்துக் கஞ்சி வச்சேன். வெறும் முட்டியக் கொண்டுவர வெக்கமா இருந்திச்சு."

முந்தானையால் உமியைக் கூட்டி எடுத்துக்கொண்டு போனாள். போதகர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "ஒங்க மூட்டையை இந்த மாசம் அந்த வீட்டுக்குக் குடுத்திருங்க. நீங்களே கொண்டுபோங்க" என்றார்.

நல்ல அரிசியாக மாற்றிக்கொண்டு போயிருக்கலாம். கடையைக் கடந்துதான் போனேன். மாற்றினால் கடைப் பையன்கள் ஏன் என்று கேட்பார்களே என்று அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அறையில் அவளுடைய ஏழு வயது மகள் பாயில் சுருண்டு கிடந்தாள். ரத்தினம்மா என்னைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே கதிரையைத் துடைத்துப் போட்டாள். காலையில் நான் அவளைப் பேசிய பேச்சுக்கு வாசலிலேயே நிறுத்தியிருக்கலாம். சபை கொடுத்தது என்று மட்டும் சொல்லி மூட்டையை வைத்தேன். அவள் கொஞ்சம் அள்ளிச் சுளகில் போட்டாள். வண்டுகள் நாலு பக்கமும் ஓடின.

"வண்டு விழுந்திருக்கு. பரவால்ல, பொடைச்சா போயிரும்" என்று புடைத்தாள், கழுவினாள். உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து, ஓரமாகக் காயப் போட்டாள். பக்கத்தில் அதே முட்டி இருந்தது.

"இந்த மாசம் வேணாம் ரத்தினம்மா. மொதல்ல புள்ளையப் பாரு."

"நாளைக்கும் ஒல வைப்பேன்னு நம்பித்தானே இன்னைக்கு ஒரு பிடிய எடுத்து வைக்கிறோம், மூப்பரையா. அத விட்டுட்டா அப்பறம் எனக்கு என்ன இருக்கு?"

ஜெபம் பண்ணிவிட்டுப் போகச் சொன்னாள். முழங்காலிட்டேன். மணிக்கணக்கில் ஜெபிக்கிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் அவளே ஜெபித்தாள். "ஆண்டவரே, இந்த அரிசியக் குடுத்தவங்க வீட்டுல ஒருநாளும் பஞ்சம் வரக்கூடாது."

பாயில் கிடந்த பிள்ளை ஆமென் சொன்னது. நான் சொல்லவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். பிடியரிசி முட்டி மாதம் தவறாமல் கோயிலுக்கு வந்தது. நான் அடுத்த மாதமே மூப்பர் பதவியை விட்டேன். உண்மையைச் சொல்ல அப்போதும் துணியவில்லை. முதுகுவலி என்றேன்.

ரத்தினம்மா அந்த முதுகுவலிக்காகவும் தினம் ஜெபம் பண்ணினாள்.